பஞ்சாரத்துக்குள் ஆமை முட்டை

நான் ஆமைகளைக் காப்பாற்றக் கடற்கரைக்குப் போனவன் அல்ல. சர்க்கரைக்காகப் போனேன்.

வளைகுடாவில் பல வருடம் ஏசி மெக்கானிக்காக இருந்துவிட்டு ஒரேயடியாக ஊர் திரும்பியபோது, இரண்டு பெட்டிகளோடு அதுவும் கூடவே வந்திருந்தது. ஆவுடையார்கோவிலில் ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்த டாக்டர் மாத்திரை எழுதினார். பிறகு தினமும் காலையில் நடக்கச் சொன்னார். "வேகமா நடக்கணும். வயக்காட்டுக்குப் போயி வரப்புல நின்னுட்டு வாரதெல்லாம் கணக்குல சேராது" என்றார். நான் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் ஊர் ஆவுடையார்கோவிலுக்கும் மீமிசலுக்கும் நடுவில் இருக்கிறது. முதலில் மெயின் ரோட்டில் நடந்து பார்த்தேன். சரிப்படவில்லை. கொஞ்ச தூரம் போவதற்குள் பின்னாலிருந்து ஒரு பைக் வந்து நிற்கும். "ஏறுங்கண்ணே" என்பார்கள். சும்மாதான் நடக்கிறேன் என்றால் நம்பமாட்டார்கள். வண்டி ரிப்பேரா, பெட்ரோல் தீர்ந்துபோச்சா, வீட்டில் ஏதும் பேச்சுவார்த்தையா என்று கேள்வி வரும். அதையும் மீறி ஏறவில்லையென்றால் வெளிநாட்டுப் பணம் வந்ததும் ஆளை மதிக்கவில்லை என்று ஆகிவிடும். அதனால் ஏறினேன். போன இடத்திலிருந்து இன்னொருவர் பைக்கில் திரும்பி வந்தேன். ஒரு வாரம் இப்படி உடற்பயிற்சி செய்தேன்.

கடற்கரையைச் சொன்னது என் மனைவி. "மணல்ல பைக் வராது" என்றாள்.

விடிவதற்குள் எழுந்து இருவரும் வண்டியில் மீமிசல் பக்கம் போய், கரையோரம் நிறுத்திவிட்டு நடக்க ஆரம்பித்தோம். அவளுக்குச் சர்க்கரை இல்லை. நான் உண்மையிலேயே நடக்கிறேனா, எங்காவது உட்கார்ந்து டீ குடித்துவிட்டு வருகிறேனா என்று பார்க்க வந்தாள். எங்கள் கடலில் அலை என்று சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் கிடையாது. பெரிய கண்மாய் மாதிரி கிடக்கும். நீர் வற்றும் நேரத்தில் வெகுதூரம் உள்ளே போய்விடும். பெரும்பாலும் சேறு. நடக்கத் தோதான மணல் ஒரு துண்டுதான். அதில் அங்கிட்டும் இங்கிட்டுமாகப் போய்வந்தோம்.

பேசிக்கொள்ளவில்லை. சண்டை எதுவும் இல்லை. பேச ஒன்றும் அகப்படவில்லை, அவ்வளவுதான். மகன் கோயம்புத்தூரில் வேலையில் இருக்கிறான், மகள் திருச்சியில் ஹாஸ்டலில் இருக்கிறாள். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். நான் இல்லாத வருடங்களில் நெல் போட்டது, போர்வெல் இறக்கியது, வீடு கட்டியது, பிள்ளைகளைப் படிக்க வைத்தது எல்லாம் அவள்தான். இப்போது நான் அடுப்படி வாசலில் நின்று சீனி டப்பா எங்கே என்று கேட்டுக்கொண்டிருந்தேன். ஒருநாள் சாப்பிடும்போது, "போன்ல நல்லாப் பேசுவீங்க" என்றாள். குறையாகச் சொன்ன மாதிரி தெரியவில்லை. ரசம் ஊற்றிக்கொண்டே சொன்னாள்.

ஒரு காலையில், தலையில் மப்ளர் சுற்றிய ஒரு பெண் எதிரே வந்து எங்களை நிறுத்தினார். பக்கத்து அரசுப் பள்ளியில் விலங்கியல் எடுக்கும் டீச்சர் அவர். கடல் ஆமைக் கூடுகளைப் பாதுகாக்கும் தன்னார்வலர் குழு ஒன்றை வைத்திருப்பதாகச் சொன்னார். குழு எங்கே என்று பார்த்தேன். அவர் ஒருவர்தான் நின்றார்.

"நீங்க எப்படியும் தெனமும் நடக்கிறீங்க சார். நடக்கும்போது கீழ பாத்துட்டே போனாப் போதும்" என்றார்.

எனக்கு அது அநியாயமாகப் படவில்லை. நான் எப்படியும் கீழே பார்த்துத்தான் நடப்பவன். என் மனைவி, "என்னத்தப் பாக்கணும்?" என்று கேட்டாள். டீச்சர் அங்கேயே உட்கார்ந்து மணலில் விரலால் வரைந்து காட்டினார். இந்தப் பக்கத்துக்கு வருவது பங்குனி ஆமை. வந்தால் துடுப்பால் மணலைத் தள்ளித் தள்ளி மேலே ஏறும். இரண்டு பக்கமும் தடம் விழும். ராத்திரி வந்து, குழி தோண்டி முட்டையிட்டு, மூடிவிட்டு, விடிவதற்குள் திரும்பிவிடும். பிறகு அந்தப் பக்கமே எட்டிப் பார்க்காது. முட்டைகளுக்கு நாய், நரி, காக்கை, மனிதர் எல்லாரும் எதிரி. வெளிச்சம் ஆகாது, சத்தம் ஆகாது, தொடக் கூடாது. சேறு அதிகம் என்பதால் இந்தக் கரைக்கு ஆமை வருவதே அபூர்வம் என்பதையும் டீச்சர் கடைசியாகச் சொன்னார். அதை முதலிலேயே சொல்லியிருக்கலாம்.

நாங்கள் பார்த்த முதல் ஆமை செத்துக் கிடந்தது. மாசியில், வெயில் நன்றாக ஏறிய பிறகு, கரையில் கவிழ்த்த அண்டா மாதிரி ஒதுங்கியிருந்தது. ஓட்டில் பெரிய வெட்டு. விசைப்படகின் காற்றாடி அடித்திருக்கும் என்று டீச்சர் சொன்னார். வனத்துறைக் காவலர் வந்து பார்த்து, குறித்துக்கொண்டு, புதைக்கச் சொன்னார். மண்வெட்டியை நான் பிடித்தேன். ஆமை நான் நினைத்ததைவிட நீளமாக இருந்தது. குழியை இரண்டு முறை பெரிதாக்க வேண்டியிருந்தது. மூடியதும் மனைவி ஒரு பிடி மண் அள்ளிப் போட்டாள். வீட்டுக்கு வந்ததும் உள்ளே போகாமல் கொல்லைப்புறமாகச் சுற்றிப் போய்த் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டாள். என்னையும் ஊற்றிக்கொள்ளச் சொன்னாள். துக்க வீட்டுக்குப் போய்வந்த கணக்கு.

அன்றிலிருந்து அவள் எனக்கு முன்னால் நடக்க ஆரம்பித்தாள்.

பங்குனி முடியும் தறுவாயில் ஒரு விடியற்காலை, அவள் நின்று என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டாள். மணலில் ஒரு தடம் நீரிலிருந்து மேலே ஏறியிருந்தது. பக்கத்திலேயே இன்னொரு தடம் கீழே இறங்கியிருந்தது.

"எவனோ டிராக்டரைக் கடலுக்குள்ள விட்டுருக்கான்" என்றேன்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு டீச்சருக்குப் போன் போட்டாள்.

டீச்சர் ஸ்கூட்டரில் வந்தார். கரையில் நிறுத்தாமல் மணலுக்குள் ஓட்டி, சிக்கி, அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தார். வனத்துறைக் காவலரும் வந்தார். தடம் முடிகிற இடத்தில் மணல் கலைந்திருந்தது. டீச்சர் மண்டியிட்டு விரல்களால் மெதுவாகத் தோண்டினார். கை முழங்கை வரை உள்ளே போனதும் நின்றது. அவர் முகத்தைப் பார்த்தே தெரிந்துவிட்டது. சுண்ணாம்பு தடவிய எலுமிச்சம்பழம் மாதிரி முட்டைகள். ஒன்றின் மேல் ஒன்றாக நிறையக் கிடந்தன. என் மனைவி குனிந்து பார்த்துவிட்டு, "இத்தனையையுமா ஒரே நேரத்துல?" என்றாள். டீச்சர் ஆமாம் என்றார். மனைவி அந்த ஆமையை நினைத்து உச்சுக்கொட்டினாள்.

முட்டைகளைப் பொரிப்பகத்துக்குக் கொண்டுபோவதென்றால் இட்ட சில மணி நேரத்துக்குள் செய்ய வேண்டும், தூரத்துப் பயணத்தில் குலுங்கினால் கெட்டுப்போகும் என்று காவலர் சொன்னார். இந்த இடம் மேடு, தண்ணீர் ஏறாது. இங்கேயே இருக்கட்டும், காவல் போடுவோம் என்று டீச்சரும் அவரும் முடிவு செய்தார்கள். மண்ணை மூடினோம். எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது. அப்போதுதான் அந்த இடம் ஏற்கெனவே ஒருவருடையது என்பது தெரிந்தது.

பட்டாவெல்லாம் கிடையாது. அந்த இடத்தில் ஒரு அம்மா கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்தார். அன்றைக்கும் தலையில் கூடையோடும் கையில் சுருட்டிய தார்ப்பாயோடும் வந்து, நாங்கள் வட்டமாக நிற்பதைப் பார்த்து நின்றார். என் மனைவியைவிடக் கொஞ்சம் மூத்தவர்.

"அக்கா, இங்கன ஆமை முட்டை போட்டுருக்கு. கொஞ்சம் அங்கிட்டுத் தள்ளிக் காயப்போடுறீங்களா?" என்று என் மனைவி கேட்டாள்.

"என்ன ஆமை?"

"பங்குனி ஆமை."

"எங்கிட்ட ஒண்ணும் கேக்கலையே அது."

"அது கேக்காதுக்கா."

"நான் வருசக்கணக்கா இங்கன காயப்போடுறேன். அது நேத்து ராத்திரி வந்துருக்கு. யாரு தங்கச்சி தள்ளிப் போகணும்?"

டீச்சர் வனவிலங்குச் சட்டத்தைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். அந்த அக்கா கூடையை இறக்கி வைத்துவிட்டு, முழுவதையும் மரியாதையாகக் கேட்டார். கேட்டு முடித்ததும் தார்ப்பாயை விரிக்க ஆரம்பித்தார்.

என் மனைவி தார்ப்பாயின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டாள். "அங்கிட்டு என்னக்கா கொறச்சல்?"

"காக்கா. இங்கன வலைக் கொட்டகையில ஆளு நடமாட்டம் இருக்கு, வராது. அங்கிட்டு விரிச்சா நெத்திலி பூராத்தையும் தூக்கிட்டுப் போயிரும். காக்கா வெரட்ட ஆளு விடுறீங்களா? நான் இப்பவே போறேன்."

டீச்சர் என்னைப் பார்த்தார். வனத்துறைக் காவலர் என்னைப் பார்த்தார். மனைவி என்னைப் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையில்லை என்று நினைத்திருக்கிறாள். அங்கே நின்றவர்களில் எனக்கு மட்டும்தான் வேலை இல்லை.

அப்படித்தான் நான் காக்கை விரட்டுபவன் ஆனேன். பெரிய பெரிய கட்டடங்களின் மொட்டை மாடிகளில் ஆட்களை வைத்து வேலை வாங்கியவன், கையில் ஒரு நீளக் குச்சியோடு காரல் மீனுக்கும் நெத்திலிக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தேன். தெரிந்தவர்கள் அந்தப் பக்கம் வந்தார்கள். என்ன செய்கிறீர்கள் என்று கேட்டால் ஆமை பாதுகாப்பு என்றேன். அவர்கள் கருவாட்டைப் பார்த்துவிட்டு மேற்கொண்டு கேட்காமல் போனார்கள்.

நாய்களிடமிருந்து கூட்டைக் காப்பாற்ற என்ன செய்வது என்று அடுத்த கேள்வி வந்தது. கம்பிவலைக் கூண்டு செய்ய ஏற்பாடு நடந்தது. வர நாளாகும் என்றார்கள். மறுநாள் மனைவி எங்கள் வீட்டுப் பஞ்சாரத்தை வண்டியின் பின்னால் வைத்துக் கட்டச் சொன்னாள். கோழிகளைக் கவிழ்த்து மூடி வைக்கும் மூங்கில் பஞ்சாரம், பெரியது.

"கோழிக்கு?" என்றேன்.

"கோழி ஓடிப் பொழைச்சுக்கும். முட்டை ஓடுமா?"

பஞ்சாரத்தைக் கூட்டின் மேல் கவிழ்த்து, சுற்றிலும் மணலில் முளை அடித்துக் கயிற்றால் கட்டினோம். கச்சிதமாகப் பொருந்தியது. டீச்சர் பல கோணங்களில் போட்டோ எடுத்தார். கம்பிவலைக் கூண்டு வந்தபோது இதைவிடச் சிறியதாக இருந்ததால் அதை ஓரமாக வைத்துவிட்டோம். அந்த வாரத்திலேயே ஊரில் எங்கள் கோழி ஒன்றை நாய் பிடித்துவிட்டது. மீமிசல் நாய்களால் ஒரு ஆமை முட்டையைக்கூடத் தொட முடியவில்லை. மனைவியிடம் இரண்டையும் சேர்த்துச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. ராத்திரிக் காவலை வனத்துறைக் காவலரும் வலைக் கொட்டகையில் படுக்கும் மீனவர்களும் பார்த்துக்கொண்டார்கள். காலையும் சாயங்காலமும் நாங்கள்.

அந்த நாட்களில் நாங்கள் பேச ஆரம்பித்தோம். பெரிய பேச்செல்லாம் இல்லை. மணல் ஈரமாக இருக்கிறதா, நேற்றைவிட இப்போது பள்ளம் விழுந்திருக்கிறதா, அந்தக் கறுப்பு நாய் ஏன் தினமும் இந்தப் பக்கமே படுக்கிறது, இப்படி. வீட்டுக்கு வந்த பிறகும் அதே பேச்சு தொடரும். மணலின் சூட்டைப் பொறுத்துத்தான் குஞ்சு ஆணா பெண்ணா என்பது முடிவாகும், சூடு கூடினால் பெண் என்று டீச்சர் சொன்னதை ஒருநாள் நான் விளக்கிக்கொண்டிருந்தேன். என் தொழில் சம்பந்தப்பட்ட விஷயம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொன்னேன். கருவாட்டு அக்கா மீனைத் திருப்பிப் போட்டபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்ப ஏசி போட்டுட்டா பூராம் ஆம்பளையா?"

"ஆமாக்கா."

"போடாதீங்க" என்றார்.

சித்திரை போய் வைகாசி வந்தது. இன்னும் சில நாளில் பொரிக்கும் என்று டீச்சர் சொன்ன சமயத்தில், குளத்தூரிலிருந்து என் மைத்துனன் போன் செய்தான். என் மனைவியின் தம்பி. அவன் மகனுக்குக் காதுகுத்து. தேதியைச் சொன்னான். மனைவி போனைக் காதிலிருந்து எடுக்காமலே என்னைப் பார்த்தாள். அத்தை முறைக்கு அவள்தான் சீர் கொண்டுபோக வேண்டும். இதற்கு வராமல் இருப்பது எங்கள் பக்கத்தில் நடக்கிற காரியமில்லை. "வாரோம்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.

அந்த வாரம் முழுக்க அவள் மணலையே பார்த்துக்கொண்டிருந்தாள். காதுகுத்துக்கு முதல்நாள் காலையில் பஞ்சாரத்துக்குள் மண் லேசாகக் குழிந்திருந்தது. டீச்சர் பார்த்துவிட்டு, "எப்ப வேணாலும் வரலாம்" என்றார். கல்வி அலுவலகத்தில் அவருக்கு மறுநாள் மீட்டிங், சாயங்காலம்தான் வர முடியும். வீட்டுக்கு வந்ததும் மனைவி சீர்த்தட்டுகளை எடுத்து வரிசையாக வைத்தாள். பட்டுத் துணி, வெள்ளிக் கொலுசு, பழம், பலகாரம். எல்லாவற்றையும் இரண்டு பைகளில் பாந்தமாக அடுக்கினாள். பிறகு, "நீங்க மட்டும் போயிட்டு வாங்க" என்றாள்.

"கேப்பாங்களே."

"சொல்லுங்க."

"என்னன்னு?"

"உள்ளதைச் சொல்லுங்க."

நான் உள்ளதைச் சொன்னேன். குளத்தூர் மண்டபத்தில் என்னை வாசலிலேயே நிறுத்தி, "அக்கா எங்க மச்சான்?" என்று மைத்துனன் கேட்டான்.

"ஆமை முட்டை பொரிக்கப் போகுது. அதான் வரல."

அவன் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். "சரி, உள்ள வாங்க" என்றான். அவன் மனைவி வந்து கேட்டாள். அவளிடமும் சொன்னேன். "மதினிக்கு ஒடம்பு ஏதும் சரியில்லையாண்ணே?" என்றாள். இல்லை, நல்லா இருக்கா என்றேன். அப்போதுதான் தப்பு நடந்திருக்க வேண்டும். உடம்பு சரியில்லை என்று சொல்லியிருந்தால் விட்டிருப்பார்கள். நல்லாயிருக்கிற ஒருத்தி தம்பி மகன் காதுகுத்துக்கு வரவில்லை, புருஷன் ஆமை என்கிறான் என்றால் விஷயம் வேறு. சாப்பாட்டுப் பந்தியில் எனக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்தவர்கள் என்னிடம் மிகவும் அன்பாக நடந்துகொண்டார்கள். "வெளிநாட்டுலேருந்து வந்தா கொஞ்ச நாள் அப்படித்தான் இருக்கும்" என்று ஒருவர் பொதுவாகச் சொன்னார். எனக்கு இரண்டாவது தடவை அப்பளம் வைத்தார்கள்.

சாயங்காலம் மைத்துனன் வீட்டில் காபி குடித்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. வானம் மூடிக்கொண்டு மழை இருட்டாக இருந்தது.

"என்னங்க, வெளிய வருது." குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

கூடத்தில் ஒரே இரைச்சல். நான் எழுந்து கொல்லைப்பக்கம் போய் மோட்டார் ரூமை ஒட்டிக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். "வீடியோ கால் போடு."

"வெளிச்சம் ஆகாது. டீச்சர் இப்பத்தான் வந்துச்சு, திட்டும். காதுல கேளுங்க."

சொல்ல ஆரம்பித்தாள். முதலில் மண் அசைந்தது. ஒரு மூக்கு வந்தது. அப்புறம் உலை கொதிக்கிற மாதிரி எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டு வெளியே வந்தன. பஞ்சாரத்தைத் தூக்கிவிட்டார்கள். கரைக்குப் பின்னால் இருக்கும் ஐஸ் பிளாண்டின் விளக்கு அந்த நேரம் பார்த்து எரிந்தது. குஞ்சுகளில் பாதி அந்த வெளிச்சத்தைப் பார்த்துத் திரும்பிவிட்டன. கருவாட்டு அக்கா தார்ப்பாயை உதறி எடுத்து வந்தார். இவள் ஒரு முனை, அவர் ஒரு முனை பிடித்துத் திரை மாதிரி நின்றார்கள். விளக்கை அணைக்கச் சொல்ல டீச்சர் ஐஸ் பிளாண்டுக்கு ஓடினார். "கை வலிக்குது, போனைத் தோள்ல இடுக்கிருக்கேன்" என்றாள். தண்ணீர் அப்போது வற்றியிருந்தது, வெகுதூரம் போக வேண்டும். "போகுதுங்க. தானாப் போகுது. யாரும் சொல்லல."

நான் குறுக்கே பேசவில்லை. அவள் போனில் சொல்லும்போது எப்படிக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். மகள் பிறந்ததை இப்படித்தான் கேட்டேன், ஒரு ஓட்டல் மாடிப்படியில் உட்கார்ந்து. அப்பா போனதை, புது வீட்டுக்கு நிலை வைத்ததை, மகள் பெரியவளானதை, மகன் முதல் சம்பளம் வாங்கியதை எல்லாம் இப்படித்தான், எங்காவது ஒரு சுவரோரமாக உட்கார்ந்து கேட்டேன். அவள் அப்போதும் இதே மாதிரிதான் சொல்லுவாள், ஒன்றையும் விடாமல். ஊருக்கே வந்துவிட்ட பிறகும் அப்படி ஒன்றை நான் போனில்தான் கேட்கிறேன் என்பது தோன்றியபோது எனக்குக் கஷ்டமாக இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தேன். மைத்துனன் கையில் டார்ச்சோடு நின்றுகொண்டிருந்தான். என்னைத் தேடி வந்திருக்கிறான். ஒன்றும் கேட்காமல் திரும்பிப் போய்விட்டான்.

மறுநாள் காலை வீட்டுக்கு வந்தேன். மனைவி அடுப்படியில் இருந்தாள். கால் விரல் இடுக்கில் இன்னும் மணல் இருந்தது.

"என்னாச்சு, சொல்லு" என்றேன்.

"நேத்தே சொன்னேன்ல."

"திரும்பச் சொல்லு."

என்னைப் பார்த்தாள். பிறகு தோசையைத் திருப்பிப் போட்டுவிட்டு முதலிலிருந்து சொன்னாள். போனில் சொன்னதைவிட அதிகமாகவே சொன்னாள். தார்ப்பாய் பிடித்து நிற்கும்போது ஒரு குஞ்சு தன் பாதத்தின் மேல் ஏறி இறங்கிப் போனது என்பது போனில் வரவில்லை. நான் கரண்டியை வாங்கி மீதித் தோசையை ஊற்றினேன். ஒன்றுகூட வட்டமாக வரவில்லை. அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

அதற்கடுத்த நாள் சாயங்காலம் கூட்டைத் தோண்டிப் பார்க்க டீச்சர் வரச் சொல்லியிருந்தார். எத்தனை பொரிந்தது, எத்தனை கெட்டது என்று பார்ப்பது வழக்கமாம். வனத்துறைக் காவலர் முன்னிலையில் தோண்டினார்கள். கிழிந்த காகிதம் மாதிரி ஓடுகள் வந்தன. கெட்ட முட்டைகள் சில நாறின. அடியில், மண்ணோடு மண்ணாக, ஒரு குஞ்சு உயிரோடு கிடந்தது. டீச்சர் அதை எடுத்து மணல் மேல் வைத்தார். கறுப்பாக, என் உள்ளங்கைக்குள் அடங்குகிற அளவில் இருந்தது. கொஞ்ச நேரம் செத்த மாதிரி கிடந்துவிட்டு, ஒரு துடுப்பை மட்டும் அசைத்தது. பிறகு கடல் இருக்கிற திசையில் இழுத்து இழுத்துப் போக ஆரம்பித்தது.

நான் அதற்கு இடது பக்கம், மனைவி வலது பக்கம். காக்கை வராமல் பார்க்க என் கையில் குச்சி. பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. குஞ்சு நான்கு தடவை இழுக்கும், நின்று மூச்சு வாங்கும். நாங்களும் நிற்போம். ஒரு கால் தடத்துப் பள்ளத்தில் விழுந்து ஏற முடியாமல் தவித்தபோது, என் கை தானாக நீண்டது. "தொடக் கூடாது" என்றாள் மனைவி. அது தானாகவே ஏறி வந்தது.

அந்த நேரத்தில்தான் பின்னால் ஆள் வருகிற சத்தம் கேட்டது. திரும்பினால் மைத்துனனும், என் மனைவியின் பெரியப்பாவும். குடும்பத்தில் யாருக்காவது பிணக்கு என்றால் பேசித் தீர்க்கப் போகிறவர் பெரியப்பாதான். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு. குளத்தூரிலிருந்து கார் எடுத்துக்கொண்டு வந்து, வீட்டில் ஆள் இல்லாமல், பக்கத்து வீட்டில் கேட்டு இங்கே வந்திருக்கிறார்கள். நாங்கள் இருவரும் ஆளுக்கு ஒரு பக்கமாக, ஒருவரை ஒருவர் பார்க்காமல், கையில் குச்சியோடு, பேசாமல் நின்றுகொண்டிருந்ததை அவர்கள் வெகுதூரத்திலிருந்தே பார்த்திருக்கிறார்கள்.

பெரியப்பா தொண்டையைச் செருமினார். "குடும்பம்னு இருந்தா..." என்று ஆரம்பித்தார்.

"ஐயா, சத்தம் போடாதீங்க" என்றார் டீச்சர். "டார்ச்சை அணைங்க."

மைத்துனன் டார்ச்சை அணைத்தான். பெரியப்பா வாயை மூடிக்கொண்டு கீழே பார்த்தார். அப்புறம்தான் அவருக்குக் குஞ்சு தென்பட்டது. துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, எங்கள் பின்னாலேயே மெதுவாக நடந்து வந்தார். ஈர மணல் வந்தது, பிறகு சேறு. செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். முதல் தண்ணீர் வந்து தொட்டதும் குஞ்சு ஒருமுறை புரண்டு நேரானது. அடுத்ததில் காணவில்லை. நாங்கள் எல்லோரும் அது போன இடத்தைப் பார்த்தபடி நின்றோம்.

"தாய் எங்க நிக்கிது?" என்று பெரியப்பா டீச்சரிடம் மெதுவாகக் கேட்டார்.

"அது அப்பவே போயிருச்சுங்கய்யா. இதுங்களை அது பாக்காது."

பெரியப்பா அதை யோசித்தார். "அப்ப இவங்க ரெண்டு பேரும்?"

"இவங்க வாலண்டியர்ஸ்."

"அப்படின்னா?"

"யாரும் சொல்லாமச் செய்யறவங்க."

மைத்துனன் அக்காவிடம் வந்தான். "அப்ப ஒங்களுக்குள்ள சண்டை இல்லையா?"

"இருக்கு. அது வேற" என்றாள் அவள்.

வீட்டுக்கு அழைத்துவந்து டீ போட்டுக் கொடுத்தோம். சண்டை எதுவும் இல்லை என்று நான் விளக்கிச் சொன்னேன். பெரியப்பா தலையை ஆட்டிக் கேட்டார். ஆனால் குளத்தூரிலிருந்து இவ்வளவு தூரம் வரும்போது காரில் யோசித்து வைத்துக்கொண்டு வந்திருக்கிறார். சொல்லாமல் திரும்பிப் போக அவருக்கு மனம் இல்லை. டீயைக் குடித்து டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, குடும்பம் என்றால் என்ன, விட்டுக்கொடுப்பது என்றால் என்ன என்று சொல்லி முடித்தார். நாங்கள் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று கேட்டோம். இனிமேல் அனுசரித்துப் போவதாக ஒத்துக்கொண்டோம். அவருக்குத் திருப்தி. கிளம்பும்போது என் மனைவி, கருவாட்டு அக்கா கொடுத்தனுப்பிய நெத்திலிப் பொட்டலத்தைக் கார் டிக்கியில் வைத்தாள். காரிலிருந்து வாடை போக ஒரு வாரம் ஆனது என்று மைத்துனன் பிறகு சொன்னான்.

இந்த வருடம் மாசி பிறந்ததிலிருந்து மறுபடியும் போகிறோம். சர்க்கரை கொஞ்சம் குறைந்திருக்கிறது. டாக்டர் மாத்திரையைக் குறைக்கவில்லை. இதுவரை மணலில் ஒரு தடமும் இல்லை. டீச்சர் குழுவில் புதிதாக இரண்டு பேர் சேர்ந்திருக்கிறார்கள், ஐஸ் பிளாண்டில் வேலை செய்பவர்கள். நேற்றும் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடி வரை பார்த்துவிட்டு வந்தோம். இன்னும் பங்குனி இருக்கிறது.